விளக்க அட்டையில் இல்லாத மொழி: தென்னிந்தியப் பாவைக்கூத்தின் வரலாறும் சொற்சான்றுகளும்

பெங்களூருவில் பாவைகளின் காட்சி ஒன்றைக் காணும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. காலையில் புறப்பட்டு இரவில் திரும்பிய ஒருநாட் பயணம் அது. பாவைகளைக் காண விழைவோர்க்குப் பெங்களூருவும் அதன் சுற்றுப்புறமும் ஏற்ற இடம். 1960-இல் தோன்றிய கர்நாடக சித்திரகலா பரிஷத்தில் தோற்பாவைகளின் தொகுப்பு உண்டு. அந்நிறுவனத்தை வளர்த்தவருள் ஒருவராகிய எம்.எஸ். நஞ்சுண்டராவ் கர்நாடகத் தோற்பாவைகளைப் பற்றித் தனிநூலே எழுதியவர். மைசூர்ச் சாலையில் இராமநகரத்தை அடுத்து நாட்டுப்புறவியல் அறிஞர் எச்.எல். நாகேகௌடர் 1994-இல் தோற்றுவித்த ஜானபத லோகத்திலும் பாவைகள் காட்சிக்கு உள்ளன. இக்கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்த காட்சி எது எனச் சுட்ட வேண்டுவதில்லை. இங்குக் கூறப்படுவன, நான் கண்ட பாவைக் காட்சிக்கூடங்கள் ஏறத்தாழ அனைத்திற்கும் பொருந்துவன.

கண்ணாடிப் பெட்டிகளில் இராமன், இராவணன், அனுமன், நாட்டியப் பெண், தேர், மரம் எனப் பாவைகள் நின்றன. பின்புறம் மங்கலான மின்விளக்கு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு விளக்க அட்டை. கலையின் பெயர், பாத்திரத்தின் பெயர், செய்பொருள், கிடைத்த மாவட்டம், தோராயமான காலம் ஆகிய ஐந்து செய்திகளும் அதில் இருந்தன. பள்ளிச் சிறார் குழு ஒன்றும் அப்போது வந்திருந்தது. அவர்களுள் ஒரு சிறுமி ஆசிரியையிடம், "ஈ கொம்பெ மாதாடுத்தா?" (இந்தப் பொம்மை பேசுமா?) என்று கேட்டாள். "ஹிந்தெ இருவவரு மாதாடுத்தாரெ" (பின்னால் இருப்பவர் பேசுவார்) என்று சொல்லிவிட்டு ஆசிரியை அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். சரியான விடைதான். ஆனால் பின்னால் இருப்பவர் எம்மொழி பேசுவார் என்பதற்கு அங்கிருந்த எந்த அட்டையிலும் விடையில்லை. பாவைக்கூத்தின் வரலாற்றில் இவ்வினாவே தலையாயது என்பது என் கருத்து. பாவைகளின் பெயர்களிலிருந்து தொடங்கி அவ்வினாவை அணுக இக்கட்டுரை முயல்கிறது.

தொகலும் தோலும்

கர்நாடகத்தில் இக்கலை 'தொகலு கொம்பெயாட்ட' எனப்படும். (கன்னடச் சொற்களைத் தமிழ் வரிவடிவில் எழுதுங்கால் ஒலிப்புடை மெய்கள் மறைந்துவிடுகின்றன. தொகலு என்பதன் ககரமும் கொம்பெ என்பதன் இரு வல்லெழுத்துகளும் ஒலிப்புடையன எனக் கொள்க.) தொகலு என்பது தோல். தமிழிலும் மலையாளத்திலும் தோல், தெலுங்கில் தோலு. இவற்றுள் மூத்த வடிவத்தைக் காத்துள்ளது கன்னடம். மூலத் திராவிடத்தில் உயிரிடைக் ககரத்தோடு கூடிய ஈரசை வடிவமே இருந்தது எனவும், ககரம் கெட்டு முன்னுயிர் நீண்டமையால் தோல் தோன்றியது எனவும் ஒப்பிலக்கணத்தார் கொள்வர். துகள் என்பது தூள் ஆனதும், பெருமகன் என்பது பெருமான் ஆனதும் இதே நெறியில் அமைந்தவை. ஆகவே, கன்னட அட்டையைப் படிக்கும் தமிழர் தம் சொல்லின் முன்னை வடிவத்தைப் படிக்கிறார். மொழியியல் மாணவர்க்கு இஃது எளிய செய்தி. எனினும் அட்டையின் முன் நின்று அதை நினைத்துப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

இப்பெயர்களில் காணப்படும் வேறொரு பண்பு மொழிபெயர்ப்பாளரின் கவனத்திற்கு உரியது. தமிழின் தோற்பாவைக்கூத்து, மலையாளத்தின் தோல்பாவக்கூத்து, கன்னடத்தின் தொகலு கொம்பெயாட்ட, தெலுங்கின் தோலு பொம்மலாட்ட ஆகிய நான்கிலும் 'நிழல்' என்னும் கூறு இல்லை. நான்கு மொழியினரும் தோலைக் கொண்டே இக்கலைக்குப் பெயரிட்டனர். நிழலைப் பெயரில் ஏற்றியவர் பிறர். ஒடிசாவில் 'ராவணச்சாயா' என்பர். சீனத்தார் தோல், நிழல் என்னும் இரு சொற்களையும் இணைத்துப் பெயரிட்டனர். சாவகத்தின் 'வயாங் கூலித்' என்பதில் வயாங் நிழலோடும் கூலித் தோலோடும் தொடர்புடையவை. ஆங்கிலம் நிழற்பாவை என்றது. அதன் வழியாகவே 'தோற்பாவை நிழற்கூத்து' என்னும் ஆய்வுத்தொடர் தமிழில் நிலைபெற்றது எனலாம். ஊர்மக்கள் வழக்கில் அது வெறும் பாவைக்கூத்தே.

நிழல் இல்லாமைக்குக் காரணம் உண்டா? தமிழகம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மூன்றிலும் ஆட்டுத்தோல் போன்றவற்றை ஒளி ஊடுருவுமாறு பதப்படுத்திச் சாயம் தீட்டுவர். திரையில் காண்பது கருநிழல் ஆகாது. தோலினூடே வரும் வண்ண ஒளியே ஆகும். ஆகவே நிழல் என்னும் மொழிபெயர்ப்பு பொருளைச் சற்றே திரித்துவிடுகிறது. எனினும் இவ்விளக்கத்தை முழுமையாகக் கொள்ள இயலாது. கேரளத்துப் பாவைகள் மரபாக மான்தோலில் துளையிட்டுச் செய்யப்படுவன. அவை திரையில் வீழ்த்துவது உண்மையான நிழலே. ஆயினும் அங்கும் பெயர் தோலைக் கொண்டே அமைந்துள்ளது. தென்னாட்டார் காண்போர் நிலையிலிருந்து பெயரிடவில்லை, பாவையைக் கையில் ஏந்துவோர் நிலையிலிருந்து பெயரிட்டனர் என்று கொள்வது பொருத்தமாகலாம்.

பாவை

பாவை என்னும் சொல்லின் பொருட்பரப்பு விரிவானது. உருவம், மரத்தாலோ மண்ணாலோ செய்த படிமம், பெண், நோன்பு, கண்ணின் மணி ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். கண்மணியைப் பாவை என்றமைக்குக் காரணம் வெளிப்படை. எதிரில் நிற்பவரின் உருவம் அதில் சிறிதாகத் தோன்றுகிறது. கன்னடத்தில் கண்மணி 'கண்ணுபாபெ', தெலுங்கில் 'கண்டிபாப'. வடமொழியின் கனீனிகா, இந்தியின் புத்லீ, இலத்தீனின் புபில்லா ஆகியவற்றிலும் இதே உருவகம் உண்டு. மராட்டியிலும் 'பாஹுலீ' என்பது பொம்மையையும் கண்மணியையும் குறிக்கும். இம்மராட்டிச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்; பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை, வண்டற்பாவை முதலியன வருகின்றன. இவற்றுள் எதனையும் கயிறு கொண்டு ஆட்டிய பாவை எனக் கொள்ளச் சான்றில்லை. புறநானூற்றின் 33-ஆம் பாடலில் வரும் அல்லிப்பாவை ஆடுவது. அதனை அல்லியம் என்னும் கூத்தோடு இணைத்துப் பொருள் கொள்வர். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் 'பாவை' ஒன்று. அது திருமகள் பாவை வடிவம் கொண்டு ஆடிய ஆடல். அங்கு ஆடுவது ஆளே, பாவையன்று. இன்றைய பாவைக்கூத்தோடு பெயரொற்றுமை உண்டு என்பதற்காக அதனைச் சான்றாகக் காட்டும் கட்டுரைகள் பல. சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாய் இருந்தாக வேண்டும் என்னும் பிழையான கொள்கையின் விளைவு இது.

திருக்குறளுக்கு வரும்போது ஐயம் நீங்குகிறது. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (1020) மரப்பாவையும் அதை இயக்கும் நாணும் இணைந்தே வருகின்றன. நாண் என்னும் ஒரே வடிவம் வெட்கத்தையும் கயிற்றையும் குறிப்பதால் அக்குறள் வேறெம்மொழியிலும் முழுமையாகப் பெயர்வதில்லை. அகத்தே நாண் இல்லாதவர், புறத்தே நாண் கொண்டு இயங்கும் பாவைக்கு ஒப்பாகின்றனர். மொழிபெயர்த்தோர் பலரும் கயிற்றைக் காத்து வெட்கத்தின் ஒலியை இழந்தனர். வரலாற்று நோக்கில் இக்குறள் தரும் செய்தி தெளிவானது: கயிற்றால் இயங்கும் மரப்பாவையைக் கேட்போர் அறிந்திருந்தாலன்றி இவ்வுவமை செல்லாது. தோற்பாவைக்குரிய சான்று திருவாசகத்தில் உள்ளது. பொதுவாக 9-ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அந்நூலின் ஆனந்தமாலைப் பகுதியில் தோல், பாவை, கூத்து என்னும் மூன்று சொற்களும் ஒரே தொடரில் ஒருங்கே வருகின்றன. ஆகவே தமிழில் இக்கலையின் பெயருக்கு ஓராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை உண்டு.

பொம்மலாட்டம்

தஞ்சை, குடந்தைப் பகுதிகளில் வழங்கும் மரப்பாவை ஆட்டத்திற்குப் பொம்மலாட்டம் என்று பெயர். ஆட்டுவோர் தலையில் ஓர் இரும்பு வளையத்தை அணிந்து, அதிலிருந்து தொங்கும் கயிறுகளால் பாவையின் உடலைத் தாங்கி, கம்பிகளால் கைகளை இயக்குவர். பாவைகள் நான்கு அடிக்கு மேல் உயரமும் பத்துக் கிலோ வரை எடையும் உடையன. இந்தியப் பாவைகளுள் மிகப் பெரியனவாக இவற்றைச் சுட்டுவர்.

இப்பெயரின் நடுவே உள்ள லகரம் எங்கிருந்து வந்தது? பொம்மை, ஆட்டம் என்னும் இரண்டும் தமிழ் நெறிப்படி புணர்ந்தால் பொம்மையாட்டம் என்றே ஆகும். தெலுங்கில் பொம்ம ஒருமை, பொம்மலு பன்மை, பன்மையின் வேற்றுமையடி பொம்மல. இவ்வடியோடு ஆட்ட என்பது சேரப் பொம்மலாட்ட என வரும். பொம்மைகளின் ஆட்டம் என்பது பொருள். எனவே தமிழர் அன்றாடம் வழங்கும் இச்சொல்லில் தெலுங்கின் பன்மை விகுதியும் வேற்றுமை இலக்கணமும் அப்படியே உறைந்து கிடக்கின்றன. சொல் மட்டும் தனியே கடன் பெறப்பட்டிருப்பின் பொம்மை என்பதோடு நின்றிருக்கும். தொடரே பெயர்ந்து வந்திருத்தலின், கலைநிகழ்வும் அதனோடு வந்திருத்தல் கூடும். தஞ்சையில் 1532 முதல் 1673 வரை நாயக்கர் ஆட்சி நிலவியதும், அக்காலத்து அவைக்கலைகளில் தெலுங்கு பெற்றிருந்த இடமும் இதற்கு அரண் செய்கின்றன. கன்னடமோ ஒருமையடியிலேயே கொம்பெயாட்ட என்கிறது. பொம்பெ என்பதில் அடுத்தடுத்து வந்த இரு இதழொலிகளுள் முன்னது ககரமாக மாறியதன் விளைவே கொம்பெ. அம்மொழியில் இரு வடிவங்களும் வழங்குகின்றன.

இவ்வாறு தமிழகத்திலேயே இரண்டு சொல்லடுக்குகள் உள்ளன. பாவை, கூத்து ஆகியவற்றால் அமைந்த அடுக்கு தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொது. பொம்மை, ஆட்டம் ஆகியவற்றால் அமைந்த அடுக்கு தெலுங்கு வழியாக வந்து மரப்பாவையோடு ஒன்றியது. ஆட்டுவோரை நோக்கும்போது மூன்றாவது அடுக்கொன்று புலனாகிறது. அதற்குக் கலைப்பெயரில் தடயமே இல்லை.

ஆட்டுவோரின் வீட்டுமொழி

கர்நாடகத்தில் தோற்பாவை ஆட்டுவோர் கிள்ளேக்யாதர் எனப்படுவர். வடகர்நாடகத்தில் கட்டபு என்றும் வழங்குவர். ஆந்திரத்தில் இக்கலைஞர் ஆரெ என்னும் பெயரோடு தொடர்புடையவர். ஆரெ என்பது அங்கு மராட்டியரைக் குறிக்கும் பழைய வழக்கு. தமிழகத்தில் மதுரை முதல் கன்னியாகுமரி வரை தோற்பாவைக்கூத்து நிகழ்த்துவோர் மண்டிகர். அவர்களுள் பலர் தம் பெயரோடு ராவ் எனச் சேர்த்துக்கொள்வர். மு. இராமசுவாமி, அ.கா. பெருமாள் ஆகியோரின் களஆய்வுகள் இவர்களைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. மூன்று மாநிலங்கள், மூன்று நிகழ்த்துமொழிகள். ஆனால் மூன்று குழுவினரின் வீட்டுமொழியும் மராட்டியின் கிளைவழக்கே. மேடையில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் பேசும் பாவைகளை, வீட்டில் 'பாஹுலீ' என்னும் சொல்லுக்கு உரிய மொழியினர் ஆட்டுகின்றனர்.

இவர்கள் எப்போது தெற்கே வந்தனர்? தமிழகத்துக் கலைஞர் தம் முன்னோர் தஞ்சை மராட்டியர் ஆட்சிக்காலத்தில் (1676-1855) வந்ததாகக் கூறுவது மரபு. இம்மரபைப் பெங்களூருவில் நின்று நினைக்கும்போது அதற்குப் புதிய பொருள் கிடைக்கிறது. 1638-இல் பீஜப்பூர்ப் படைத்தலைவர் ரணதுல்லாகான் பெங்களூருவைக் கெம்பேகௌடர் மரபினரிடமிருந்து கைப்பற்றினார். பின்னர் அது சிவாஜியின் தந்தை ஷாஜியின் பொறுப்பில் வந்தது. ஷாஜியின் மற்றொரு மகனாகிய ஏகோஜி இங்கிருந்தே தெற்கே சென்று தஞ்சை அரசைத் தோற்றுவித்தார். 1687-இல் பெங்களூரு முகலாயர் கைக்கும், பின்னர் மைசூர் அரசர் சிக்கதேவராயர் கைக்கும் மாறியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் மராட்டி, கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய நான்கும் சந்தித்த பாசறை நகரம் இது. சங்கப் புலவர் வடபுலத்தை மொழிபெயர் தேயம் என்றனர். மொழி மாறும் நாடு என்பது அதன் பொருள். பதினேழாம் நூற்றாண்டில் மராட்டியர் மொழிபெயர் தேயங்கள் மூன்றைக் கடந்து தஞ்சை சேர்ந்தனர். பாவையாட்டுவோர் அப்படையோடு வந்தனர் என்பதற்கு ஆவணச் சான்று காட்ட இயலாது. தக்காணத்தில் அவர்தம் இடப்பெயர்ச்சி அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். ஆனால் வழி இதுவே.

இங்குதான் விளக்க அட்டைகள் பிழைபடுகின்றன. 'தொன்றுதொட்டு வரும் கலை' என்னும் தொடர் எல்லா மொழியின் அட்டைகளிலும் மாறாது இடம்பெறுகிறது. கலையின் பெயர் திருவாசகத்தில் உள்ளது. இன்று அதனை நிகழ்த்துவோரோ பல நூற்றாண்டுகள் பிற்பட்டு வந்த வேற்றுமொழியினர். அப்படியாயின் மாணிக்கவாசகர் கண்ட பாவையை ஆட்டியவர் யார்? அவர்தம் வழித்தோன்றல்கள் எங்கே? பழைய கலைஞர் மறைந்து புதியவர் அவ்விடத்தை நிரப்பினரா? இரு சாராரும் கலந்தனரா? தொன்மை என்னும் சொல் இவ்வினாக்களை எழவிடாமல் மூடிவிடுகிறது.

ஒப்பிட்டு நோக்கக் கேரளம் உதவுகிறது. பாலக்காட்டுப் பகுதிப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழும் தோல்பாவக்கூத்தில் மராட்டித் தொடர்பு இல்லை. அங்கு ஆட்டுவோர் புலவர் எனப்படுவர். பாடுவது கம்பராமாயணச் செய்யுள். 21 விளக்குகளின் ஒளியில், நாட்கணக்காக, கேட்போர் பெரும்பாலும் இல்லாமலே தேவிக்கென அது நிகழ்வதை ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1996-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். பாவை, கூத்து என்னும் பழைய அடுக்குச் சொற்கள் அங்குச் சிதையாமல் இருப்பதும், ஆட்டுவோர் இடம்பெயர்ந்து வந்த மராட்டியர் அல்லாமையும் ஒன்றையொன்று விளக்குவன. பழைய தமிழ்ப் பாவைக்கூத்தின் எச்சத்தை நாடுவோர் மதுரைக்குச் செல்வதினும் கூனத்தறைக்குச் செல்வது பயன் தரும். இது சற்றே மிகையான கூற்று என்பதை அறிவேன். ஆயினும் சொற்சான்று அத்திசையையே காட்டுகிறது.

சொல்லைக் கொண்டு வரலாறு எழுதுவதில் இடர் உண்டு. ரிச்சர்ட் பிஷெல் என்னும் செருமானிய அறிஞர் 1900-இல் ஆற்றிய உரையில் பாவையாட்டத்தின் தாயகம் இந்தியாவே என வாதிட்டார். வடமொழி நாடகத்தின் சூத்திரதாரன் என்னும் சொல் அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. சூத்திரம் கயிறு, ஆகவே அவன் முதலில் பாவையாட்டியாக இருந்திருக்க வேண்டும் என்பது வாதம். ஆனால் அச்சொல் அளவுநூல் பிடிக்கும் தச்சனையும் குறிக்கும். கயிறு எதற்கான கயிறு என்பதைச் சொல் தானாகச் சொல்லாது. மேலே பொம்மலாட்டம் பற்றிக் கூறியதற்கும் பிஷெலின் வாதத்திற்கும் உள்ள வேறுபாடு, முன்னதில் சான்றாவது இலக்கண உருபு என்பதே. பொருள் எளிதில் திரியும். பன்மை உருபு பிறமொழியில் தானே முளைப்பதில்லை.

கோமாளியின் பெயர்

கிள்ளேக்யாத என்பது குழுவின் பெயர் மட்டுமன்று. பாவைகளுள் வரும் கோமாளிக்கும் அதுவே பெயர். அவனுடைய மனைவி பங்காரக்கா. இராமாயணத்திலும் பாரதத்திலும் இடமில்லாத இவ்விருவரும் எல்லாக் கதைகளிலும் புகுந்து, அன்றாடக் கன்னடத்தில் ஏசிப் பேசிச் சிரிக்க வைப்பர். துருக்கியரின் பாவைக்கூத்தும் இதுபோன்றே தன் கோமாளியாகிய காராகோஸின் பெயரால் அழைக்கப்படுகிறது.

ஆந்திரப் பாவைக்கூத்தில் கேத்திகாடு, ஜுட்டுபோலிகாடு, பங்காரக்கா ஆகியோர் வருகின்றனர். காடு என்பது தெலுங்கில் ஆண்பாற் பெயரொட்டு. அதை நீக்கினால் எஞ்சுவது கேத்தி. கன்னடப் பேச்சுவழக்கில் ஏகாரம் யா என ஒலிப்பது பரவலான மாற்றம். பேட்டெ என்பது ப்யாட்டெ எனவும், கேதகெ என்பது க்யாதகெ எனவும் வழங்கும். அவ்வகையில் க்யாத என்பதும் கேத்தி என்பதும் ஒரே பெயரின் இரு வடிவங்கள் எனக் கொள்ளலாம். பங்காரக்கா இரு மொழிக்கும் பொதுவாக இருப்பது இதனை வலியுறுத்துகிறது. கிள்ளேக்யாத என்பதற்குச் சிள்ளேக்யாத என்னும் வடிவமும் உண்டு. கன்னடத்தில் சிள்ளெ என்றால் சீழ்க்கை. பொருள் மங்கிய முன்னொட்டை மக்கள் தமக்குப் பழகிய சொல்லாக்கிக் கொண்டனர் என்பது என் ஊகம். அரசின் பட்டியல் சாதிகள் அட்டவணையில் இவ்வடிவமே இடம்பெற்றிருத்தலால் இனி அதுவே நிலைபெறும்.

தமிழ்ப் பாவைக்கூத்தில் இவர்களுக்கு ஈடாக உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வருகின்றனர். பெயர் முற்றும் தமிழ். ஆனால் தெலுங்கில் ஜுட்டு என்பது குடுமி. குடும்பன் என்பதைக் குடுமியன் என்பதன் திரிபாகக் கொண்டால், ஒலி வராமல் பொருள் மட்டும் பெயர்ந்து வந்த நிலை புலப்படும். பாவையின் தலையில் குடுமி இருப்பதால் இருமொழியினரும் தனித்தனியே அவ்வாறு பெயரிட்டனர் எனவும் வாதிடலாம். முதற் கருத்தையே நான் சார்கிறேன். மூன்று மொழிகளில் நிகழ்த்தும் ஒரே குழுவினர் இராமன் பெயரை மாற்ற இயலாது. கோமாளியின் பெயரை மாற்றாமல் விட்டால் சிரிப்பு வராது. மொழிபெயர்ப்புப் பணி தொடங்கும் இடம் அதுவே.

பாலித் தீவின் வயாங்கில் உயர்குடிப் பாத்திரங்கள் கவி என்னும் பழைய மொழியில் பேச, ஏவலராகிய கோமாளிகள் அதனைப் பாலி மொழியில் விளக்கிச் சொல்வர். காராகோஸோ தன் நண்பன் ஹாசிவாத்தின் புலமை மொழியைத் தவறாகப் பொருள்கொண்டு நகைப்பூட்டுகிறான். கேரளத்தில் கம்பனின் செய்யுளைப் புலவர் தமிழும் மலையாளமும் விரவிய உரைநடையில் விளக்குகிறார். பாவைக்கூத்து எங்கிருந்தாலும் அதனுள் ஒரு மொழிபெயர்ப்பாளன் இருக்கிறான். தென்னாட்டில் அவனுக்குப் பின்னே, தன் வீட்டுமொழியை ஒருபோதும் மேடையேற்றாத இன்னொரு மொழிபெயர்ப்பாளனும் இருக்கிறான். கன்னடத்தின் கரையோர மரப்பாவை ஆட்டத்திலும் இந்நிலை உண்டு. உப்பினகுத்ருவின் காமத் குடும்பத்தார் கொங்கணி வழங்கும் மரபினர். அவர்களுடைய பாவைகள் யட்சகானக் கன்னடம் பேசுகின்றன.

எஞ்சியிருப்பது

2025-இல் கொப்பள் மாவட்டம் மோரனாளைச் சேர்ந்த தொண்ணூறு வயது கடந்த தோற்பாவைக் கலைஞர் பீமவ்வா சிள்ளேக்யாதருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2021-இல் கேரளத்தின் இராமச்சந்திரப் புலவரும், மராட்டியத்தின் பிங்குளியைச் சேர்ந்த பரசுராம் கங்காவணேயும் இவ்விருதினைப் பெற்றனர். கலை மதிப்புப் பெறுகிறது என்பதில் ஐயமில்லை. பாவைகளைப் பேணும் பணியும் நன்கு நடைபெறுகிறது. தோல் சுருங்காமல் இருக்க வேண்டிய ஈரப்பதம், சாயம் வெளுக்காமல் இருக்க வேண்டிய ஒளியளவு ஆகியவற்றை அருங்காட்சியகத்தார் நன்கறிவர்.

வீட்டுமொழியின் நிலை வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்தாயிரத்திற்குக் குறைந்தோர் பேசும் தாய்மொழிகள் தனியே வெளியிடப்படுவதில்லை. கிளைவழக்குகள் மராட்டி என்னும் தலைப்பில் அடங்கிவிடும். எனவே மண்டிகரின் மராட்டியோ கிள்ளேக்யாதரின் மராட்டியோ எந்தப் பட்டியலிலும் தனித்துத் தோன்றா. நாடோடி வாழ்வு குறைந்து, கூத்தை விட்டுப் பிற தொழில்களை மேற்கொண்ட குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளிமொழியையே வீட்டிலும் பேசத் தொடங்கிவிட்டால், பல நூற்றாண்டுத் தொடர்பின் சான்று ஒரு தலைமுறையில் அற்றுப்போகும். அதில் இழக்கப்படுவன எவை எனக் கூறுவது அரிதன்று. பாவை, திரை, விளக்கு, தோல் பதப்படுத்தும் கருவி, சாயம் ஆகியவற்றுக்கு அவர்கள் வீட்டில் வழங்கும் சொற்கள் மராட்டியா, கன்னடமா, தமிழா? கூத்தின் நடுவே திரைக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் குறிப்புக் காட்டுவது எம்மொழியில்? தந்தை மகனுக்குக் கதையைக் கற்பிப்பது நிகழ்த்துமொழியிலா, வீட்டுமொழியிலா? கோமாளியின் ஏச்சுகளுள் வீட்டுமொழிச் சொற்கள் கரந்து வருகின்றனவா? கொப்பளிலும் அனந்தபுரத்திலும் கன்னியாகுமரியிலும் இதே வினாக்களைக் கேட்டு, கிடைக்கும் சொற்பட்டியல்களை ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்தால், இம்மூன்று குழுவினரும் எங்கே, எந்த வரிசையில் பிரிந்தனர் என்பதை ஒலிமாற்றங்களைக் கொண்டு கணிக்க இயலும். ஆவணக் காப்பகங்கள் தராத விடை அது. முதுநிலை மாணவர் மூவர் ஓராண்டில் செய்யக்கூடிய பணி.

மாலையில் காட்சிக்கூடத்தை விட்டு வெளியேறுமுன் கிள்ளேக்யாதனின் பாவையை மீண்டும் ஒருமுறை பார்த்தேன். இராமனையும் இராவணனையும் விடச் சிறியது. கரிய மேனி, முன்தள்ளிய வயிறு. தாடை அசையுமாறு தனித்தோலில் வெட்டிப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் அட்டையில் பெயர், செய்பொருள், மாவட்டம் எல்லாம் முறையாக இருந்தன. கீழே ஒரு வரி எழுதும் அளவுக்கு இடமும் இருந்தது.